யாருக்கு சீட்டு என்பது இருக்கட்டும்... எதுக்கு சீட்டுன்னு சொல்லுங்க!

தோழர்களே,

நேற்று (மே 26) தேர்தல் ஆணையம் தேதி அறிவிச்சதுல இருந்து டிவி, யூடியூப், வாட்ஸ்அப் எங்க திறந்தாலும் ஒரே கேள்விதான் ஓடுது. தமிழ்நாட்டுல காலியாகுற ஆறு ராஜ்யசபா இடங்களுக்கு யார் யார்? ஆளுங்கட்சியில நாலாவது சீட்டு யாருக்கு? கூட்டணிக்கா, கட்சிக்காரருக்கா? எதிர்க்கட்சியில ரெண்டாவது சீட்டுக்கு ஆள் இருக்கா, இருந்தாலும் ஓட்டு இருக்கா? ஏழாவதா ஒருத்தர் களத்துல குதிச்சா என்ன ஆகும்?

ஐபிஎல் பிளே-ஆஃப் கணக்கு மாதிரியே இதையும் போட்டுக்கிட்டு இருக்காங்க. சிஎஸ்கே கடைசி இடத்துக்குப் போனதுக்கப்புறம் கணக்கு போட வேற எதுவும் கிடைக்கலையோ என்னவோ!

சரி, நாங்களும் இன்ஜினியரிங் படிச்சவங்கதான். அரியர் வச்சாலும் கணக்கு வரும். முதல்ல அந்தக் கணக்கையே போட்டு முடிச்சிடுவோம். அதுக்கப்புறம் எந்தச் சேனலும் கேக்காத கேள்விக்கு வருவோம்.

🔴 கணக்கு: 34

ராஜ்யசபா உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறது நீங்களும் நானும் இல்லை. சட்டமன்ற உறுப்பினர்கள். ஒரு எம்எல்ஏ ஓட்டின் மதிப்பு 100. மொத்தம் 234 பேர், அதாவது 23,400. இடங்கள் ஆறு. அதோட ஒண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து, மறுபடி ஒண்ணைக் கூட்டினா 3,343. அப்படின்னா ஒரு சீட்டுக்கு 34 எம்எல்ஏ.

ஆளுங்கட்சிக் கூட்டணியில 159 பேர். நாலு சீட்டுக்கு 136 போக மிச்சம் 23.

அதிமுக சின்னத்துல ஜெயிச்சவங்க 66 பேர். அதுல தலைமையோட பிரிஞ்சு நிக்கிறவங்க 4 பேர். மிச்சம் 62. பாஜகவின் 4 பேரைச் சேர்த்தா 66. ரெண்டு சீட்டுக்கு 68 வேணும். "ரெண்டு ஓட்டு குறையுதே!"ன்னு ஒரு வாரமா விவாதம். பாமகவின் 5 பேர் யார் சொல் கேப்பாங்க, தைலாபுரம் பக்கமா, மகன் பக்கமான்னு அதுக்கு மேல இன்னொரு விவாதம்.

இந்த "ரெண்டு ஓட்டு குறையுது" சஸ்பென்ஸ் முக்கால்வாசி வெத்து. ஏன்னா 34 வாங்கினாதான் ஜெயிக்கணும்னு கட்டாயம் இல்லை. கடைசி இடத்துக்கு மோதுறவங்கள்ல யார் முன்னாடி இருக்காங்களோ அவங்களுக்கே சீட்டு. உதாரணம் வெளியூர்ல தேட வேணாம். 2013 ஜூன் 27, இதே சென்னை, இதே ஆறு இடம், ஏழு வேட்பாளர். கனிமொழி வாங்கினது 31 ஓட்டு. ஜெயிச்சாங்க. அவங்களை எதிர்த்த தேமுதிகவின் இளங்கோவன் வாங்கினது 22. அந்தக் கட்சிக்கு 29 எம்எல்ஏ இருந்தும் 7 பேர் கைவிட்டுட்டாங்க.

இப்போ பாருங்க. ஆளுங்கட்சி ஐந்தாவதா ஒருத்தரை நிறுத்தினா கையில இருக்கிறது 23. அதிமுக ரெண்டாவது வேட்பாளருக்கு 32. பிரிஞ்சு நிக்கிற 4 பேரும், பாமகவின் 5 பேரும், மொத்தமா ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ஞ்சாதான் 32-க்கு 32. அதெல்லாம் யூடியூப் தம்ப்நெயிலுக்கு நல்லா இருக்கும். நடக்குற கதை இல்லை.

அதனால நாங்க இப்பவே சொல்றோம், எழுதி வச்சுக்கோங்க. ஜூன் 9 மனு தாக்கல் முடியும். ஜூன் 10 பரிசீலனையில சுயேச்சைகள் மனு தள்ளுபடி ஆகும். ஜூன் 12 சாயங்காலம் "ஆறு பேரும் போட்டியின்றித் தேர்வு"ன்னு சான்றிதழ் கொடுத்து போட்டோ எடுப்பாங்க. ஜூன் 19 வாக்குப்பதிவுன்னு ஆணையம் போட்ட தேதி காலண்டர்லயே இருக்கும்.

2013-க்கு அப்புறம் 2014, 2016, 2019, 2020, 2022 எல்லாம் இப்படித்தான் முடிஞ்சுது. எதிர்த்து நிக்கப் போறது யாருன்னு ஒவ்வொரு தடவையும் ஊரே பேசும். கடைசியில எதிர்த்து நிக்க ஆளே இருக்க மாட்டாங்க.

🔴 ஏன் ஆளே இல்லை?

சுயேச்சையா நிக்கலாமே, சமூகத்துக்காக உழைச்ச ஒருத்தர் நிக்கலாமேன்னு நல்ல மனசுல கேக்குறவங்க இருக்காங்க. அவங்களுக்காக இது.

மனு கொடுக்கவே 10 எம்எல்ஏ முன்மொழியணும். சட்டம் அப்படி. இன்னைக்குச் சட்டமன்றத்துல விசிக 4, இடதுசாரிகள் ஆளுக்கு 2, பாஜக 4, பாமக 5. இவங்க யாருமே தனியா ஒரு மனுகூடக் கொடுக்க முடியாது. பெரிய கட்சி கையெழுத்து போட்டாதான் உண்டு.

அப்போ இது தேர்தலா, நியமனமா? பேரு தேர்தல். நடக்குறது ரெண்டு கட்சித் தலைமை அலுவலகத்துல எழுதுற பட்டியல்.

"சரி, போட்டி நடந்தாதான் ஜனநாயகமா?"ன்னு கேட்டா, அதுக்கும் நேர்மையா பதில் சொல்றோம். போட்டி நடந்த ஊரெல்லாம் பாத்தோம். 2017-ல குஜராத்ல அகமது படேல் நின்னப்போ, 44 காங்கிரஸ் எம்எல்ஏக்களை பெங்களூரு ரிசார்ட்டுல கொண்டுபோய் வச்சாங்க. ரெண்டு பேர் ஓட்டுச்சீட்டை காட்டக்கூடாதவருக்குக் காட்டினாங்கன்னு செல்லாததாக்கி, நள்ளிரவு தாண்டி முடிவு வந்துச்சு. 2024 பிப்ரவரியில இமாச்சல்ல 68 பேர்ல காங்கிரசுக்கு 40 பேர். அசால்ட்டா ஜெயிக்க வேண்டிய இடம். சொந்தக் கட்சியில 6 பேர் மாத்திக் குத்தி 34-க்கு 34 ஆகி, கடைசியில சீட்டுக் குலுக்கிப் போட்டு அபிஷேக் சிங்வி தோத்தார். கட்சி மாறி ஓட்டு போட்டாலும் ராஜ்யசபா தேர்தலுக்குக் கட்சித்தாவல் தடைச் சட்டம் பாயாது. ரிசார்ட்டுன்னா நமக்குக் கூவத்தூர் ஞாபகம் வரும். விளக்கத் தேவையில்லை.

ஆக, பேரம் பேசி நடக்குற போட்டியும் வேணாம். பேசி முடிச்சு போட்டியே இல்லாம போறதும் வேணாம். ரெண்டுலயுமே மக்கள் எங்கயும் இல்லை. அதுதான் எங்க பிரச்சினை.

🔴 சீட்டா, சில்லறையா?

இந்தப் பட்டியல் எப்படி எழுதப்படுதுன்னு பாருங்க.

2019 மக்களவைத் தேர்தல். அதிமுக பாமகவுக்குக் கொடுத்தது "ஏழு பிளஸ் ஒண்ணு". ஏழு மக்களவைத் தொகுதி, ஒரு ராஜ்யசபா. அதே தேர்தல்ல திமுக மதிமுகவுக்குக் கொடுத்தது "ஒண்ணு பிளஸ் ஒண்ணு". 2024-ல மக்கள் நீதி மய்யத்துக்கு மக்களவைத் தொகுதி இல்லை. அதுக்குப் பதிலா 2025-ல ஒரு ராஜ்யசபான்னு ஒப்பந்தம். எங்களுக்கும் ஒண்ணு தர்றதா சொன்னாங்கன்னு தேமுதிக சொல்லுது. நாங்க எப்போ சொன்னோம்னு அதிமுக பொதுச்செயலாளர் திருப்பிக் கேட்டார்.

கடைக்காரர்கிட்ட சில்லறை இல்லைன்னா மிட்டாய் கொடுப்பாரு இல்லையா? அந்த மாதிரி ஆகிப்போச்சு தமிழ்நாட்டின் ராஜ்யசபா இடம். தொகுதிப் பங்கீட்டுல இடிச்சா, "இந்தாங்க, டெல்லிக்கு ஒரு சீட்டு."

கூட்டணிக் கட்சிக்கு இடம் கொடுக்கிறது தப்புன்னு நாங்க சொல்லலை. சின்னக் கட்சிகளின் குரல் டெல்லியில கேக்கணும். பட்டிமன்றமும் மேடைப்பேச்சும் தெரிஞ்சவங்க, வழக்கறிஞர்கள், எழுத்தாளர்கள், தொழிற்சங்கத் தலைவர்கள் போகட்டும். தனிப்பட்ட யார் மேலயும் நமக்குக் கோபம் இல்லை. எங்க கேள்வி ஒண்ணே ஒண்ணு: எதுக்காக இவர் போறார்னு ஏன் எந்த ஒப்பந்தத்துலயும் ஒரு வரி இல்லை? "ஏழு பிளஸ் ஒண்ணு"ன்னு எண்ணிக்கை இருக்கு. அந்த ஒருத்தர் மாநில உரிமைக்கு எதிரா ஒரு மசோதா வந்தா எப்படி ஓட்டு போடணும்னு எங்க இருக்கு?

🔴 அந்த ஓட்டுக்கு என்ன விலைன்னு தெரியுமா?

"மேல்சபை தானே, பேசிட்டு வர்ற இடம் தானே"ன்னு நினைக்கிறவங்க ரெண்டு நாளை மறக்க வேணாம்.

2019 டிசம்பர் 11. குடியுரிமைத் திருத்தச் சட்டம் ராஜ்யசபாவுல 125 பேர் ஆதரவோட நிறைவேறுச்சு. அந்த 125-ல அதிமுக உறுப்பினர்களும் உண்டு, பாமக உறுப்பினரும் உண்டு. இலங்கைத் தமிழர்களை அந்தச் சட்டம் கணக்குலயே எடுக்கலை. முகாம்ல பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அதுல இடம் இல்லை. அதுக்குத் தமிழ்நாட்டுலேர்ந்து போனவங்களே கை தூக்கினாங்க.

2012 டிசம்பர் 7. சில்லறை வணிகத்துல அந்நிய முதலீடு. எதிர்க்கிறோம்னு அறிக்கை விட்டது திமுக. வாக்கெடுப்புன்னு வந்தப்போ மன்மோகன் சிங் அரசு பக்கம் நின்னது. எதிர்க்கட்சிகள் கொண்டு வந்த தீர்மானம் 109-க்கு 123-ன்னு தோத்துச்சு. நம்ம தெரு அண்ணாச்சி கடைக்கு ஆதரவா இங்க மேடை, அங்க வேற ஓட்டு.

ரெண்டு பெரிய கட்சியையும் சேர்த்தே சொல்றோம். ஒருத்தரை விட்டு ஒருத்தரைத் திட்டுறதுக்காக இந்தப் பதிவு இல்லை. இந்த ரெண்டு ஓட்டெடுப்புக்கு முன்னாடியும் "எப்படி ஓட்டு போடப் போறீங்க?"ன்னு தமிழ்நாடு கேக்கலை. சீட்டு கொடுக்கும்போதே கேட்டிருக்கணும். அப்போ நாம "யாருக்கு?"ன்னு கேட்டுக்கிட்டு இருந்தோம்.

🔴 இந்தத் தடவை ஏன் ரொம்ப முக்கியம்?

இதைக் கவனமா படிங்க. இந்தப் பதிவோட உயிரே இதுதான்.

இப்போ தேர்வாகப் போற ஆறு பேரின் பதவிக்காலம் 2031 ஜூலை வரைக்கும். அடுத்த வருஷம் 2026-ல நீங்க ஓட்டு போட்டு ஒரு புது சட்டமன்றம் வரும். அந்தச் சட்டமன்றம் அஞ்சு வருஷம் முழுசா இருந்தா அதன் ஆயுள் 2031 மே மாசத்தோட முடிஞ்சிடும். அதுக்கப்புறமும் இந்த ஆறு பேர் டெல்லியில உட்கார்ந்திருப்பாங்க!

இன்னொரு கணக்கு. தமிழ்நாட்டுக்கு மொத்தம் 18 ராஜ்யசபா இடம். ஆறு வருஷத்துக்குள்ள மூணு தடவை ஆறு ஆறா காலியாகும். 2022-ல ஆறு, இப்போ ஆறு, 2026 ஏப்ரல்ல ஆறு. மூணு தடவையும் தேர்ந்தெடுக்கிறது இதே சட்டமன்றம். அதாவது 2021 ஏப்ரல் 6-ம் தேதி நீங்க வரிசையில நின்னு அழுத்துன பட்டன், தமிழ்நாட்டின் 18 பேரையும் தீர்மானிக்குது. 2026-ல வர்ற சட்டமன்றத்துக்கு 2028-ல காலியாகுற ஆறு மட்டும்தான் முறைப்படி கிடைக்கும். அன்னைக்கு ஓட்டு கேட்டு வந்த ஒருத்தராவது இதைச் சொன்னாங்களா?

இந்த 2025-லிருந்து 2031 வரைக்கும் டெல்லியில என்னென்ன வரப்போகுது?

👉 தொகுதி மறுவரையறை. மக்களவை இடங்களின் எண்ணிக்கையை மாத்தாம வச்சிருக்கிற ஏற்பாடு, 2026-க்குப் பிறகு எடுக்கிற முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரைக்கும்தான். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா செஞ்ச மாநிலத்துக்குத் தண்டனையா நம்ம 39-ன் எடை குறையப் போகுதான்னு தீர்மானமாகுற வருஷங்கள் இவை. மார்ச் 22 அன்னைக்குச் சென்னையில பல மாநிலத் தலைவர்கள் கூடி, இன்னும் 25 வருஷம் இப்படியே நீட்டிக்கணும்னு கேட்டாங்க. நீட்டிக்கணும்னா அரசியலமைப்புத் திருத்தம் வேணும். அந்தத் திருத்தம் ராஜ்யசபாவையும் தாண்டணும்.

👉 ஒரே நாடு ஒரே தேர்தல். போன டிசம்பர்லயே மக்களவையில மசோதா வந்தாச்சு. நாம தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தின் ஆயுளை டெல்லி காலண்டருக்கு ஏத்த மாதிரி வெட்டுற வேலை. இதுவும் அரசியலமைப்புத் திருத்தம். வந்திருந்து ஓட்டு போடுறவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு வேணும்.

👉 கல்வி நிதி. தேசியக் கல்விக் கொள்கையை ஏத்துக்கலைன்னு 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வச்சிருக்காங்கன்னு தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போயிருக்கு. நீதிமன்றம் ஒரு பக்கம். அவையில தினமும் எழுந்து கேக்க ஆள் வேணாமா?

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ராஜ்யசபாவுல மொத்தம் 245 இடம். எல்லாரும் வந்தா மூணுல ரெண்டு பங்கு 164. அதைத் தடுக்க 82 ஓட்டு போதும். அந்த 82-ல 18 ஓட்டு தமிழ்நாட்டுக்கிட்ட இருக்கு. அஞ்சுல ஒரு பங்குக்கும் மேல! தனியா தடுக்க முடியாது. ஆனா நம்ம 18-ம் ஒண்ணா நின்னா, மத்த மாநிலங்களைச் சேர்த்துக்கிட்டு தடுக்கிற கூட்டத்துக்கு முதுகெலும்பா இருக்கலாம். அதுல ஆறு பேர் நாளைக்கு வேற பக்கம் சாய்ஞ்சா?

இதுதான் சஸ்பென்ஸ். ரெண்டு ஓட்டு குறையுதா இல்லையாங்கிறது இல்லை.

🔴 நாலு கேள்வி. பட்டியலோட பதிலும் வரட்டும்.

மனு தாக்கல் ஜூன் 2-ல ஆரம்பிக்குது. பெயர் அறிவிக்கிற ஒவ்வொரு கட்சித் தலைமையும் அதே அறிக்கையில நாலு விஷயத்துக்கு பதில் சொல்லணும்னு நாங்க கேக்குறோம்.

1. கணக்கு காட்டுங்க. ஜூலையில பதவிக்காலம் முடியுற ஆறு பேர்: வைகோ, அன்புமணி ராமதாஸ், வில்சன், சண்முகம், முகமது அப்துல்லா, சந்திரசேகரன். ஒவ்வொருத்தரும் எத்தனை நாள் வந்தாங்க, எத்தனை கேள்வி கேட்டாங்க, எந்தத் தனிநபர் மசோதா கொண்டு வந்தாங்க? நல்லா வேலை செஞ்சவங்க இதுல உண்டு. அவங்களுக்கு அது பெருமை. அவைக்கே அபூர்வமா வந்தவங்களும் உண்டு. அதையும் ஊர் தெரிஞ்சுக்கட்டும். அனுப்பின கட்சி எதுவோ, அதுதான் பொறுப்பு.

2. வாக்குறுதி கொடுங்க. தொகுதி மறுவரையறை, ஒரே நாடு ஒரே தேர்தல், நீட், மாநிலங்களுக்கான நிதிப் பகிர்வு. இந்த நாலுலயும் வேட்பாளர் எப்படி ஓட்டு போடுவார்னு எழுத்துல வேணும். "கட்சி முடிவுப்படி"ன்னு சொன்னா கட்சி முடிவு என்னன்னு சேர்த்துச் சொல்லுங்க. கூட்டணி மாறினா முடிவும் மாறுமா? அதையும் சொல்லுங்க. ஏப்ரல் 11-ல அதிமுகவும் பாஜகவும் மறுபடி கைகோத்ததுக்கு அப்புறம் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையா இருக்கு. நாளைக்கு டெல்லியில ஆட்சி மாறினா திமுகவுக்கும் இதே கேள்வி வரும். 2012-ஐ நாங்க மறக்கலை.

3. ஒப்பந்தத்தை வெளியிடுங்க. எந்தக் கட்சிக்கு, எப்போ, எதுக்குப் பதிலா இந்த இடம்? "சொன்னாங்க, சொல்லலை"ன்னு ரெண்டு பேரும் மைக் முன்னாடி மாறி மாறிப் பேசுறது தமிழ்நாட்டுக்கு அசிங்கம்.

4. பணம் எங்க போகும்? ராஜ்யசபா உறுப்பினருக்கும் வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. ஆறு பேர், ஆறு வருஷம்: 180 கோடி. அவங்களுக்குத் தொகுதி கிடையாது; மாநிலத்துல எந்த மாவட்டத்துல வேணும்னாலும் செலவு பண்ணலாம். எந்த மாவட்டம், எதுக்குன்னு மனு தாக்கலன்னைக்கே சொல்லுங்க.

இதுல எதுவும் முடியாத விஷயம் இல்லை. ஒரு பக்க அறிக்கை. வாழ்த்து பேனர் டிசைன் பண்ற நேரத்துல எழுதிடலாம்.

🔴 "உங்களுக்கு ஒரு எம்எல்ஏ கூட இல்லையே, நீங்க யார் கேக்க?"

கமெண்ட்ல முதல் ஆளா இதைத்தான் கேக்கப் போறீங்க. தெரியும். ஆமா, எங்களுக்கு அந்த 234-ல ஒரு ஓட்டும் இல்லை. மனு கொடுக்க 10 கையெழுத்தும் இல்லை. எங்க ஆளுக்கு சீட்டு கேட்டு நாங்க இதை எழுதலை, எழுதவும் முடியாது.

ஆனா அந்த 34 எம்எல்ஏ எங்கிருந்து வந்தாங்க? வானத்துலேர்ந்தா? அவங்களுக்கு ஓட்டு போட்டது நம்ம வீட்டு அம்மா, பக்கத்து வீட்டு தாத்தா, முதல் தடவை மை வச்ச தங்கச்சி. அவங்க கொடுத்த ஓட்டைத்தான் இப்போ 34, 34-ஆ கட்டி எண்ணிக்கிட்டு இருக்காங்க. கொடுத்தவங்க கணக்கு கேக்கலாம். கேக்கணும்.

அதனால தோழர்களே, இந்த ரெண்டு வாரம் ஒரு வேலை செய்யுங்க. "அவருக்கு சீட்டாமே"ன்னு வர்ற பார்வர்டை தள்ளிவிடாதீங்க. அதுக்குக் கீழேயே இந்த நாலு கேள்வியைப் போடுங்க. உங்க தொகுதி எம்எல்ஏ ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, அவர் பக்கத்துல போய் மரியாதையா கேளுங்க: "ஐயா, உங்க ஓட்டு யாருக்கு, எதுக்காக?" பதில் வந்தா அதையும் பதிவு போடுங்க. பதில் வரலைன்னா அதையும் போடுங்க.

ஜூன் 12 போட்டோவுல சான்றிதழோட சிரிக்கப் போற ஆறு பேருக்கும் இப்பவே எங்க வாழ்த்து. எதிர்த்து நிக்க ஆளில்லாம ஜெயிக்கிறீங்க. ஆனா கேள்வி கேக்க ஆளில்லாம ஆறு வருஷம் உட்கார விடமாட்டோம்.

✊ தகவல் தொழில்நுட்ப அணி

#ஆறுசீட்டு_எதுக்கு
#18ம்_தமிழ்நாட்டுக்கு
#நாலுகேள்வி